திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்!

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 184 கிலோமீட்டர் வரும். அதே திருச்சியிலிருந்து கிழக்கே திரும்பி, கடலைத் தாண்டி, யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள். அதுவும் சுமார் 184 கிலோமீட்டர்தான்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 294 கிலோமீட்டர். அதாவது, திருச்சிக்காரருக்குத் தன் மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் 110 கிலோமீட்டர் பக்கம். யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அப்படித்தான். பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 290 கிலோமீட்டர். திருச்சி அதைவிட 100 கிலோமீட்டருக்கு மேல் கிட்டே இருக்கிறது.

கோயம்புத்தூருக்குப் போகிறவர் காலையில் பஸ் ஏறி, வேலையை முடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். யாழ்ப்பாணத்துக்கு அப்படிப் போக முடியாமல் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. 2025 மார்ச் 30-ம் தேதி இண்டிகோ நிறுவனம் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானத்தைத் தொடங்கியபோது இரண்டு கரையிலும் அவ்வளவு பேர் அதைப் பேசினார்கள் என்றால் காரணம் அதுதான். பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி. சொல்லப்போனால், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும் நேரம்.

22 நிமிடம் எப்படி ஒரு மணி நேரமாகிறது?

கணக்குப் புலிகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். இந்த வழித்தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 ரகச் சிறிய விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுமே, அதுதான். உச்ச வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி. அப்படியானால் 184 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதுமே, எதற்கு ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை இங்கே எடுத்த நொடியிலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள மொத்த நேரம். விமானத் துறையில் இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். விமானம் ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் வேறு விமானம் நின்றால் காத்திருக்க வேண்டும். காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, அதற்கு எதிராக எழும்ப வேண்டும். யாழ்ப்பாணம் தென்கிழக்கில் இருக்கிறது என்பதற்காக மூக்கைத் தென்கிழக்கே வைத்து யாரும் கிளம்பிவிட முடியாது. எழும்பியபின் திரும்பி, தனக்கு ஒதுக்கிய பாதையைப் பிடித்து, உயரம் ஏற வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 500 கிலோமீட்டர் வேகம் கிடையாது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் விமானம் முழு வேகத்தில் சமமாகப் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். இதற்கெல்லாம் மேலே, தாமதத்துக்கென்று சில நிமிடங்களைக் கால அட்டவணையிலேயே ஒளித்துவைத்திருப்பார்கள். 'ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று அறிவிப்பு வருகிறதே, அது அந்த ஒளித்துவைத்த நிமிடம்தான்.

குறுகிய தூரப் பயணத்தில் தூரத்துக்கும் நேரத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லாமல் போவது இதனால்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். நடுவில் 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். காற்று சரியாக அமைந்த ஒரு நாளில் 53 நொடியில் போயிருக்கிறார்கள். கால அட்டவணையிலோ இரண்டு நிமிடம் என்று போட்டிருப்பார்கள்!

இணையத்தில் 'தூரம் காட்டும்' தளங்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வதற்கும் விளக்கம் இருக்கிறது. பல தளங்கள் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் பெரிய ஜெட் விமானத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டு, அதோடு அரை மணியைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடும். சில தளங்கள் விமான நிலையத்துக்குப் பதில் நகரத்தின் மையத்தை எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பலாலி வடக்கே 15 கிலோமீட்டருக்கு மேல். 184 கிலோமீட்டர் பயணத்தில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. அதன் தூரத்தைக் கண்டுபிடிக்க இணையமே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துப் போடச் சொல்லலாம்.

மீனம்பாக்கமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இரண்டும் 80 டிகிரி கிழக்கை ஒட்டி. அதனால் அட்சரேகை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். மீனம்பாக்கம் வடக்கே 12 டிகிரி 59 நிமிடம். பலாலி 9 டிகிரி 47 நிமிடம். கழித்தால் 3 டிகிரி 12 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், மொத்தம் 192 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 355 கிலோமீட்டர். அவ்வளவுதான்! மாலுமிகள் காலம்காலமாகப் போட்ட கணக்கு இது. விமானிகள் இன்றும் கிலோமீட்டரை விட்டுவிட்டுக் கடல் மைலில் பேசுவது இந்தச் சௌகரியத்துக்காகத்தான்.

அந்த 355 கிலோமீட்டருக்குச் சிறிய விமானத்தில் ஒன்றேகால் மணி நேரமோ, அதற்குக் கொஞ்சம் கூடவோ ஆகும். இதே கணக்கில் மதுரைக்கும் ஒரு வேடிக்கை கிடைக்கிறது. மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரை விமான நிலையத்திலிருந்து வளையாமல் நெளியாமல் நேர் கிழக்கே சுமார் 217 கிலோமீட்டர் போனால் பலாலி வந்துவிடும்.

ஒரு கல்யாணத்தின் கதை

தூரமும் நேரமும் காகிதத்தில் இருந்தால் வெறும் எண். ஒரு குடும்பத்துக்குள் வந்தால்தான் அதன் கனம் தெரியும். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம். மணமகளுக்குக் கூறைச்சேலை எடுக்கத் தாயும் பெரியம்மாவும் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும். திருச்சியில் இறங்கினால் சேலையும் எடுக்கலாம், அப்படியே சிதம்பரம் போய் நடராஜரையும் கும்பிட்டு வரலாம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்குச் சிதம்பரம் வெறும் சுற்றுலாத் தலம் இல்லை. ஆறுமுக நாவலர் 1864-ல் அங்கே பள்ளிக்கூடமே நிறுவியவர். அந்த உறவு அவ்வளவு பழையது.

நேரடி விமானம் இல்லாத காலத்தில் இந்த இருவரும் எப்படி வர வேண்டியிருந்தது? முதல் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏற வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் சாலை. உட்கார்ந்தபடியே ஏழெட்டு மணி நேரம். விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவ ஓர் இடம் தேடி, விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, அதன்பின் திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம். வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு வந்து சேர 15 மணி நேரத்துக்குக் குறையாது. கொடுமை என்னவென்றால், அந்த இரவெல்லாம் அவர்கள் போன வழி தெற்கே. அதாவது, போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த் திசை. கொழும்பிலிருந்து எழும்பிய விமானம் மறுபடி வடக்கே திரும்பி, ராத்திரி விட்டுவந்த தூரத்தையெல்லாம் ஆகாயத்தில் இன்னொரு தடவை கடந்தது.

இப்போது பலாலிக்கு வீட்டிலிருந்து அரை மணி நேரம். சோதனை, குடிவரவு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம். பறப்பது ஒரு மணி. இறங்கி வெளியே வர ஒரு மணி. மொத்தம் ஐந்து, ஐந்தரை மணி நேரம். முழங்கால் வலியுள்ள பெரியம்மாவுக்கு இந்தப் பத்து மணி நேர வித்தியாசம் 'வரலாம்' என்பதற்கும் 'நீங்கள் போய்ட்டு வாங்கோ, நான் நிக்கிறன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மருத்துவத்துக்காக வருகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மருத்துவமனைக்குப் போகும் நோயாளியை ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போய், பிறகு விமானத்தில் ஏற்றுவது எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம். யாழ்ப்பாணத்திலேயே 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குவதால் விசாவுக்காகவும் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறிய விமானம் என்பதால் பெட்டிகளுக்கு எடை வரம்பு கறாராக இருக்கும். கொழும்புக்குப் போகும் பெரிய விமானத்தின் கணக்கை இதில் போட்டுவிட்டு, கல்யாணச் சாமான்களோடு கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து பிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. டிக்கெட்டிலேயே எத்தனை கிலோ என்று இருக்கும், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். ஒடியல் மாவு, பனாட்டு, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் எல்லாம் எடை கூடிய சாமான்கள்! இரண்டாவது, விமானம் இயங்கும் நாள், நேரம், விசா விதி எல்லாம் அவ்வப்போது மாறுகின்றன. போன வருடம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து டிக்கெட் போட வேண்டாம்.

ஜன்னல் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும், கீழே பார்க்கத் தடையில்லை. உயரமும் அவ்வளவு இல்லை. ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. திருச்சியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டத்து ஏரிகளும் தென்னந்தோப்புகளும் முடிந்து, மல்லிப்பட்டினம் – அதிராம்பட்டினம் பக்கத்தில் கரை தாண்டும். அதற்குப்பின் நூறு கிலோமீட்டர் பாக் நீரிணைக் கடல். சென்னையிலிருந்து போகிறவர்கள் வலது பக்கம் உட்கார்ந்தால் மேற்கே சோழமண்டலக் கரை கூடவே வரும். கோடியக்கரை தெரிந்தால் யாழ்ப்பாணம் வந்துவிட்டது என்று அர்த்தம். கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே கடல் 55 கிலோமீட்டர் மட்டுமே.

படம் பார்த்துவிட்டுத் திரும்பிய காலம்

இந்த வழி புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை பலாலியில் ஓடுபாதை போட்டது. போர் முடிந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில் இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ் போனது. ஏர் சிலோனின் முதல் சர்வதேச விமானப் பயணமே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் போயிருக்கிறது! அப்புறம் திருச்சிக்கும் விமானம் வந்தது. காலையில் திருச்சி போய் சினிமா பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கதைகளை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், ஆனால் நேரக் கணக்குப்படி பார்த்தால் முடியாத காரியம் இல்லை.

விமானத்துக்குக் காசில்லாதவர்களுக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்த 'போட் மெயில்' இருந்தது. எழும்பூரில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றபோது அந்தப் பாதையின் இந்தியப் பக்கமும் போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, உள்நாட்டுப் போர் தொடங்கிய காலத்தில் அதுவும் நின்றது.

போர் பலாலியை ராணுவத் தளமாக மாற்றிவிட்டது. 1990-க்குப் பிறகு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே ஏ-9 நெடுஞ்சாலை வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. சொந்த நாட்டின் தலைநகருக்குப் போகவே கப்பலோ விமானமோதான் வழி. அதற்கும் ராணுவ அனுமதி வேண்டும். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. சிதைவுகள் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012-ல். பதினான்கு வருடம்! யாழ்ப்பாணத்தில் 'பலாலியிலிருந்து விமானம்' என்றதும் ஒரு தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது திருச்சி சினிமா கதை. அடுத்த தலைமுறைக்கு இது.

நேரம் பற்றிய ஒரு துணுக்கும் அந்தக் காலத்துக்கு உண்டு. இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒன்றுதான், இறங்கியதும் மணியைத் திருத்த வேண்டியதில்லை. 1996-ல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. சில மாதங்களில் அதில் அரை மணியைக் குறைத்து, 2006 ஏப்ரல் வரை இந்தியாவைவிட அரை மணி முன்னால் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவுக்குள் இரண்டு மணி! சோதனைச் சாவடியைக் கடந்தால் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டும் என்ற நிலை.

ஓடுபாதையும் செம்மண்ணும்

2019 அக்டோபர் 17-ல் பலாலி, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து போக ஆரம்பித்தது. சில மாதங்கள்தான் ஓடியது, கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நின்ற விமானம் மறுபடி வந்தது 2022 டிசம்பர் 12-ல்தான். உலகம் முழுக்க விமானங்கள் பறக்கத் தொடங்கி வெகுநாள் கழித்தும் பலாலி பூட்டியே கிடந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து வந்தது, 2025-ல் திருச்சியிலிருந்து. இடையில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. கடல் வழியே அது சுமார் நான்கு மணி நேரப் பயணம், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும்.

பெரிய ஜெட் விமானங்கள் ஏன் பலாலிக்கு வருவதில்லை? ஓடுபாதை இடம் கொடுக்கவில்லை. எழுபதுபேர் சொச்சம் ஏறும் ஏ.டி.ஆர். போன்ற விமானங்களுக்குத்தான் அது பொருந்துகிறது. பெரிய விமானம் வந்தால் சீட்டு கூடும், பெட்டிக்கு எடை கூடும், போட்டி வந்தால் கட்டணமும் இறங்கலாம். லண்டன், டொரன்டோ, பாரிஸிலிருந்து வருகிற பிள்ளைகள் கொழும்பு சுற்றாமல் ஊருக்கே வந்து இறங்கலாம். விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்பது வடக்கின் பழைய கோரிக்கை.

விரிவாக்க நிலம் வேண்டும். இங்கேதான் சிக்கல்.

பலாலியைச் சுற்றி இருப்பது வலிகாமம் வடக்கின் செம்மண். வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று எதைப் போட்டாலும் விளையும் பூமி. வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, மயிலிட்டி, காங்கேசன்துறை என்று நெருக்கமான ஊர்கள். 1990-ல் போருக்குப் பயந்து இந்த ஊர்களின் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதன்பின் அந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் ராணுவத்தின் கைக்குள் போனது. ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், உறவினர் வீட்டிலும் நலன்புரி முகாம்களிலும் இருபது, முப்பது வருடம் இருந்தார்கள். சிலர் அங்கேயே கண்மூடினார்கள்.

போர் முடிந்தபின் நிலம் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் சாலை, முப்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்னும் விடுபடாத காணிகளின் சொந்தக்காரர்கள் கையில் உறுதிப் பத்திரத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் போய் 'விமான நிலையம் பெரிதானால் ஊருக்கு நல்லதுதானே' என்று சொன்னால் என்ன பதில் வரும்? வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும்தானே வெளிநாட்டிலிருந்து வந்து இறங்க வேண்டும். ஆனால், வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக் கிணறு இருக்கும் இடம் தெரிந்தும் போக முடியாமல் நின்ற ஒருவருக்கு, ஓடுபாதையின் நீளத்தில் கூடும் ஒவ்வொரு மீட்டரும் யாருடைய காணி என்று பெயர் சொல்லத் தெரியும். ராணுவத் தேவைக்கு எடுத்த நிலம், விமான நிலையத் தேவைக்கு வேண்டிய நிலம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லி, வேண்டாததைத் திருப்பிக் கொடுத்து, எடுப்பதற்கு நியாயமான விலை கொடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அந்தக் கோட்டைத் தெளிவாக வரைவதில்தான் அரசுகள் தயங்குகின்றன.

இந்த முனையிலும் ஒரு முகாம்

184 கிலோமீட்டர் கோட்டின் இன்னொரு முனைக்கு வருவோம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் மறுவாழ்வு முகாம் அது. 1980-களிலும் 1990-லும் படகில் ராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள். மாநிலத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அவற்றில் வசிப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021-ல் தமிழ்நாடு அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் புதிதில்லை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிற விமானங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். இப்போது அதில் ஒன்று யாழ்ப்பாணம் போகிறது. காற்றாடிச் சத்தம் வேறு மாதிரி கேட்கும், தெரிந்தவர்கள் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஆனால், அதில் ஏற முகாமில் இருப்பவருக்கு டிக்கெட் காசு மட்டும் போதாது. படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட் இருக்காது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து, தான் இலங்கையர் என்பதற்குச் சான்று காட்டிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். போர்க் காலத்தில் எரிந்துபோன பிறப்புச் சான்றிதழுக்கு நகல் தேட வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை என்றால் முதலில் அந்தப் பிறப்பைத் தூதரகத்தில் பதிவு செய்து இலங்கைக் குடியுரிமை வாங்க வேண்டும். அப்புறம் இந்திய அரசின் வெளியேறும் அனுமதி வேண்டும். இத்தனை வருடம் விசா இல்லாமல் தங்கியதற்கான அபராதமும் தள்ளுபடியாக வேண்டியிருந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் திரும்பிப் போக விரும்பியவர்களுக்கு உதவியிருக்கிறது, விமான டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சேர மாதங்கள் ஆகும். சிலருக்கு வருடங்கள்.

எல்லோரும் திரும்பிப் போகத் துடிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேயே பிறந்து, திருச்சித் தமிழ் பேசி, இங்கேயே கல்யாணம் செய்து, இந்தியக் குடியுரிமை கேட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பலாலி பார்த்தே இராத ஊர். அவர்களுக்கும் ஓர் ஆசை உண்டு. அம்மம்மா சொன்ன கிணற்றையும் மாமரத்தையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் திருச்சிக்கே திரும்பிவிட வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. வெளியேறும் அனுமதியில் போகிறவர் திரும்பி வர முடியாது. அது ஒருவழி டிக்கெட்.

முகாம் வாசலில் நின்றால் விமான நிலையச் சாலை தெரியும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்களின் கார்கள், மேலே கட்டிய பெட்டிகளோடு திரும்பும் இடம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.